பரிவு நரம்பு

காரைக்குடி, செக்காலை ரோடு.
மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி.
செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன்.
ஒன்றைக் கழற்றினார்.
இன்னொன்று காலிலேயே இருப்பது
அவருக்குத் தெரியவில்லை.
நான்தான் குனிந்து எடுத்தேன்.

பெரிகருப்பன். ஐம்பத்தாறு வயது. கோட்டையூர்.
கல்யாணச் சமையல்.
பன்னிரண்டு வருடச் சர்க்கரை.
இடது குதிகாலில் கட்டு.

'கறி அடிப்பிடிக்கிற வாசம், தாயி.
அண்டாவக் கிண்டுடான்னு மாரியக் கத்துனேன்.
அண்டாவுல ஒண்ணுமில்ல.
கீழ பாத்தா
கங்கு மேல நிக்கிறேன்.
கருகுனது நான்.'

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு
ஜெல் தடவினேன்.

கெண்டைக்காலில் ஒரு தட்டு.
கணுக்காலுக்குப் பின்னே காத்திருக்கிறது
காசளவு உலோகம்.
காலையில் என் காலில் வைத்துப் பார்த்தபோது
மூன்று மில்லி செகண்டில் திரையில் ஒரு குன்று எழுந்தது.
இவருக்கு மின்சாரத்தைக் கூட்டுகிறேன், இன்னும் கூட்டுகிறேன்,
கோடு பொட்டல்காடாய்க் கிடக்கிறது.
'ஆரம்பிச்சாச்சா?' என்கிறார்.

முதுகுத்தண்டின் ஓரத்து முடிச்சில் உட்கார்ந்துகொண்டு
ஒற்றை அணு
கால்விரல்வரை தன்னையே இழுத்து நீட்டி வைத்திருக்கிறது.
உடம்பில் அதைவிட நீளமானது இல்லை.
அந்தக் கடைக்கோடிக்குச் சோறு போய்ச் சேர நாளாகும்.
சர்க்கரை முதலில் அறுப்பது நீளத்தை.
முழங்காலை எட்டியபின் கைவிரலுக்குத் தாவும்.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் மறு தெருவில் என்று
இங்கே வீடு கட்டியிருக்கிறார்களே,
பின்கட்டில் தட்டினால்
முன்கட்டில் கேட்காது.

அடுத்தது மூச்சு.
ஐந்து எண்ணி உள்ளே, ஐந்து எண்ணி வெளியே.
இழுக்கையில் இதயம் ஓடவேண்டும்,
விடுகையில் தாமதிக்க வேண்டும்.
கழுத்து வழியே இறங்கி
நெஞ்சில் கைவைத்து, இரைப்பையில் கைவைத்து
ஊர்சுற்றும் நரம்பு ஒன்றின் கையில் கடிவாளம்.
இவருக்குத் தொண்ணூற்று நான்கு.
இழுத்தாலும் தொண்ணூற்று நான்கு.
விட்டாலும்.

'நேத்துத் தின்னது இன்னிக்கும் வயித்துல கெடக்கு.
உப்புப் பாக்க ஒரு சொட்டு நாக்குல வச்சா
மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது.
காலு மட்டும் காஞ்ச ஓலை.'
ஒவ்வொன்றையும் எழுதுகிறேன்.
ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கிறது.

கடைசியாக, படுத்திருப்பவரை எழுப்பி நிறுத்துவது.
இதைப் பார்த்துக்கொள்வதற்குப்
பாடப்புத்தகத்தில் பரிவு நரம்பு என்று பெயர்.
பரிவாம்.
வாயை உலர்த்தும், குடலைக் கட்டிப்போடும்,
மயிரைச் சிலிர்க்கவைக்கும்,
ஓடு ஓடு என்று நெஞ்சில் உதைக்கும்.
இதற்கா இந்தப் பெயர் என்று
பரீட்சைக்கு முந்தைய இரவு
விடுதியில் நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

படுக்கையில் நூற்று முப்பத்தெட்டு.
நின்றதும் தொண்ணூற்று ஆறு.
'இருட்டுது தாயி.'
தோளைப் பிடித்தேன். கனமான மனிதர்.
அவர் பாரம் முழுக்க என் மேல் சாய்ந்தபோதுதான்
உறைத்தது.
ஒவ்வொரு விடியலும் பாயைவிட்டு நான் எழும்போது
காலுக்கு இறங்கப் பார்க்கும் ரத்தத்தை
இறுக்கிப் பிடித்து மேலே அனுப்புகிற கை ஒன்று.
முப்பத்தோரு வருடம்.
ஒருநாளும் அது தன் பெயரைச் சொன்னதில்லை.

உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன்.
'மாசி பத்தொம்பது, கண்டனூர்ல எழுநூறு இலை' என்றார்.
'அடுப்புக்கிட்ட நிக்கலாமா?'
டாக்டர் சொல்லுவார் என்றேன்.
அந்தக் கேள்விக்கு என்னிடம் கட்டம் இல்லை.

வாசலில் செருப்பு.
வலதைப் பார்த்துப் பார்த்து நுழைத்தார்.
பிறகு சுவரில் சாய்ந்து
இடது கணுக்காலை இரண்டு கையாலும் தூக்கி,
தூங்கிப்போன பிள்ளைக்கு
மாட்டிவிடுகிற மாதிரி.